என் வலியை நம்பியவர்களுக்கு

அன்புள்ள டாக்டர் அம்மா, பிசியோதெரபி தம்பி, அச்சக முதலாளி அண்ணாச்சி, காலை லோக்கல் ரயிலில் கூட வரும் லேடீஸ் பெட்டித் தோழிகள், மாமியாரான என் அத்தை, எல்லோருக்கும் வணக்கம். பேர் போட்டால் கூச்சப்படுவீர்கள் என்று யார் பேரையும் எழுதவில்லை. அவரவருக்குத் தெரியும்.

2019 ஜூலை மழையில் மும்பை சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். மூன்றரை வருடமாகியும் சரியாகவில்லை. தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் எனக்கு டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று நாள் முழுக்கத் தமிழ் டைப் அடிக்கிறவள். பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தாலே இடுப்பில் தொடங்கி தொடை வரை எரியும். 2020இல் ஊரடங்கு வந்து அச்சகம் மூடியதும், நல்லதாகப் போயிற்று, படுத்தே இருந்தால் குணமாகும் என்று நினைத்தேன். படுக்கப் படுக்க வலி கூடியதே தவிர குறையவில்லை.

அந்த வருடங்களில் நான் பார்த்த இரண்டு பேரை மறக்க முடியாது. ஒருவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “ஒண்ணுமே இல்லையே, எல்லாம் மனசுதான்” என்றார். இன்னொருவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி, முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார். அதற்காக என் வளையல்களை அடகு வைக்கக் கணவர் கடை விசாரித்துக்கொண்டிருந்தார். நடுவில் தினம் இரண்டு வலி மாத்திரை. வயிறு புண்ணாகி, மோர் சாதம் கூட எரிந்தது.

டாக்டர் அம்மா, பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் மாநகராட்சி மருத்துவமனையில் உங்கள் வலி கிளினிக்குக்கு வந்தேன். கேஸ் பேப்பரில் மயக்கவியல் துறை என்று இருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். ஆபரேஷனுக்குத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்தேன். வலி கிளினிக்கைப் பல இடங்களில் மயக்க மருந்து டாக்டர்கள்தான் நடத்துகிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நீங்கள் எம்ஆர்ஐ கவரைத் திறக்கவே இல்லை. முதலில் என் பேச்சை முழுசாகக் கேட்டீர்கள். சிறுநீர், மலம் அடக்குவதில் சிரமம் உண்டா, உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறதா, கால் பலம் குறைகிறதா, காய்ச்சல், எடை இழப்பு உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தீர்கள். அதில் எது இருந்தாலும் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றீர்கள். எனக்கு எதுவும் இல்லை. அதன் பிறகு சொன்னீர்கள்: “உங்களுக்கு வலிக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.” கேஸ் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகைக்கு, வெளியே வரிசையில் இருந்தவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிதுங்கிய டிஸ்க்கைப் பற்றி நீங்கள் சொன்னதை இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறேன். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதில் நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. எனக்கு அப்போது வயது 43. ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் உண்டு, நீங்கள் அவர்களில் ஒருவர் இல்லை என்றீர்கள். வளையல்கள் கையிலேயே இருக்கின்றன.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அடிபட்ட இடம் ஆறிய பிறகும் தண்டுவடமும் மூளையும் வலிச் செய்திக்குப் பழகிக் கூர்மையாகிவிடலாம், லேசான அசைவைக்கூடப் பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கினீர்கள். எங்கள் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுத்த பிறகும் சில நாள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எனக்கு அது அப்படித்தான் புரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதிப்பில், நாள்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். “எல்லாம் மனசுதான்” என்ற வார்த்தையைச் சுமந்து திரிகிற யாராவது இதைப் படித்தால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் எழுதிக்கொடுத்த அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் மாத்திரையைப் பார்த்து மருந்துக் கடைப் பையன், “இது மனச்சோர்வுக்குக் கொடுக்கிறதாச்சே” என்றான். எனக்குச் சுருக்கென்றது. மறுவாரம் கோபமாகத்தான் வந்து கேட்டேன். மனச்சோர்வுக்கு அளவு அதிகம், இந்தச் சின்ன அளவில் கொடுப்பது மூளையிலிருந்து இறங்கி வந்து வலியை அடக்குகிற நரம்புப் பாதைக்கு உதவத்தான் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொன்னீர்கள். அப்படியேதான் இருந்தது. ஆனால் வருடக்கணக்கில் இல்லாத தூக்கம் வந்தது. நான் எழுதியதைப் பார்த்து யாரும் தானாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குக் கூட இதயம், மற்ற மருந்துகள் எல்லாம் விசாரித்த பிறகுதான் கொடுத்தார்கள்.

பிசியோதெரபி தம்பி, உங்களை முதல் மாதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. “வலி வருகிறவரை நடந்துகொண்டே இருக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்து நடங்கள்” என்று சொல்லி, காலையில் நான்கு நிமிடம், மாலையில் நான்கு நிமிடம் என்று குறித்துக் கொடுத்தீர்கள். நான்கு நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். வலி குறைந்த நாளில் பரணெல்லாம் ஒழித்து, மூட்டைத் துணியையும் துவைத்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழுந்திருக்காமல் கிடப்பதுதான் என் வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் நீங்கள் பிடித்தீர்கள். நல்ல நாளிலும் குறித்ததற்கு மேல் கூடாது, கெட்ட நாளிலும் குறித்ததைக் கைவிடக் கூடாது. சில நாளுக்கு ஒரு முறை ஒரு நிமிடம் கூட்ட வேண்டும்.

கணக்கு எழுதக் காகிதம் வேண்டுமே. அச்சில் பிழையாகிப்போன பத்திரிகைகள் எங்களிடம் கட்டுக்கட்டாகக் கிடக்கும். “திருநிறைச்செல்வி” ஒற்று விட்டுப்போய் ஒதுக்கிய கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். முன்பக்கம் பிள்ளையார், பின்பக்கம் என் நிமிடங்கள். நான்கு, நான்கு, ஐந்து, ஐந்து. ஒரு அட்டையில் “அழுதேன், ஆனால் ஆறு” என்று இருக்கிறது. அறுபத்தொரு அட்டை சேர்ந்திருக்கிறது. இப்போது இருபத்தைந்து நிமிடம் நடக்கிறேன்.

அத்தை, ராத்திரி நீங்கள் நல்லெண்ணெய் சுட வைத்துத் தேய்த்துவிடும்போது குறைவதை டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மெல்சாக், வால் என்ற இருவர் 1965லேயே எழுதியிருக்கிறார்களாம்: தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி இருக்கிறது, தொடுதலும் தேய்த்தலும் போகும்போது வலிச் செய்திக்கு அந்தக் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்கிறது என்று. உங்கள் கைக்கு அதெல்லாம் தெரிந்திருக்கிறது. மூட்டுவலியோடு நீங்கள் தரையில் உட்கார்ந்து தேய்த்ததற்கு நான் ஒரு வார்த்தை கூடச் சொன்னதில்லை. இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், நன்றி அத்தை.

லோக்கல் தோழிகளே, டோம்பிவ்லியிலிருந்து சயான் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒண்டி உட்கார்ந்தால் என் இடுப்பு தாங்காது. வெளியே பார்த்தால் எனக்கு ஒரு குறையும் தெரியாது. இருந்தும் “பைட்டோ”, உட்காரு என்று இந்தியில் சொல்லி ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தீர்கள். இன்னும் வலிக்கிறதா என்று கேட்டு, பதிலையும் நம்பினீர்கள். இப்போது தாணே வரை நிற்கிறேன், அப்புறம் கேட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

வலி போய்விட்டதா என்று கேட்கிறார்கள். போகவில்லை. பத்துக்கு எட்டாக இருந்தது, பெரும்பாலான நாட்களில் மூன்று, நான்கில் நிற்கிறது. டாக்டர் அம்மா முதல் நாளே இதைத்தான் சொன்னார், பொய் நம்பிக்கை தரவில்லை. நாலு வருடமாகப் போகாத அக்கா மகன் வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து பந்தியில் சாப்பிட்டேன்.

அண்ணாச்சி, என் மேசைக்கு அடியில் இரண்டு பலகை கொடுத்து உயர்த்தி, நின்றுகொண்டே டைப் அடிக்க வழி செய்தீர்கள். அரை மணிக்கொரு தரம் நான் எழுந்து வாசல்வரை நடந்தபோது ஒரு பார்வை பார்க்கவில்லை. அரை நாள் வேலைக்கு முழுச் சம்பளம் தந்த மாதங்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமையிலிருந்து முழு நாள் வருகிறேன். தை மாதக் கல்யாண ஆர்டர்களை வேறு யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.