குழாய்ச் சாவியை எங்களிடம் கொடுங்கள்

பூங்காக்களுக்குப் பொறுப்பான அலுவலர்களுக்கு,

வணக்கம். சமூகத் தோட்டத்துக் குழாய்க்குப் பூட்டு வந்த கதை உங்களுக்குத் தெரியும். குழாய் ஒழுகுகிறது, வாஷர் மாற்றித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தவர்களே நாங்கள்தான். வாஷர் வரவில்லை. தண்ணீர் வீணாகிறது என்று சொல்லிப் பூட்டிவிட்டார்கள். சாவி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, அலுவலகம் திறப்பது காலை பத்து மணிக்கு.

நாங்கள் வேலைக்குப் போகிறவர்கள், படிக்கிறவர்கள். தோட்டத்துக்கு வருவது விடியற்காலையில். செடிக்கும் அதுதான் ஏற்ற நேரம். வெயில் ஏறுமுன் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் வேர்வரை இறங்கும், நனைந்த இலையும் சீக்கிரம் காய்ந்துவிடும். மாலையில் ஊற்றினால் இலை இரவெல்லாம் ஈரமாகவே கிடந்து பூஞ்சை பிடிக்கும். தண்ணீரை மிச்சப்படுத்தத்தான் பூட்டு என்றால், உச்சி வெயிலில் எங்களை ஊற்றவைப்பதில் என்ன மிச்சம்?

போன வாரம் எல்லோரும் சேர்ந்து தக்காளி நாற்று நட்டோம். பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடிக்கும்வரை தானாக ஈரம் தேடிக்கொள்ளாது. முதல் சில நாள் நாம்தான் கொடுக்க வேண்டும். பூட்டிய குழாய்க்குப் பக்கத்திலேயே அவை தலை சாய்ந்து கிடந்தன. எங்களில் மூத்தவர், பணி ஓய்வு பெற்றவர், சாலைக்கு அந்தப் பக்கத்து வீடொன்றில் கேட்டு வாளி வாளியாகச் சுமந்து வந்து ஊற்றினார். அவர் கையைப் பார்த்தேன். வாளியின் கம்பிப் பிடி பதிந்து, விரல்களின் உட்புறம் கன்றிப்போயிருந்தது. வேண்டாம் ஐயா என்றால், "நட்டாச்சு, விட முடியுமா?" என்கிறார். சில அடி தூரத்தில் குழாய் இருக்க அந்த வயதில் ஒருவர் சாலையைக் கடந்து தண்ணீர் சுமக்க வேண்டுமா? சாவியைக் கொடுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

மட்கு உரக் குவியலும் காய்ந்துவிட்டது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டாவது கசிய வேண்டும். இப்போது பொடிந்து உதிர்கிறது. ஈரம் இருந்தால் குவியலின் உள்சூடு 55 டிகிரியைத் தாண்டும், களை விதைகள் பெரும்பாலும் அதில் செத்துப்போகும். ஈரம் போனால் நுண்ணுயிர்களின் வேலை நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய இழப்பு ஆட்கள். புதிதாக வருகிறவர் மண்வெட்டி பிடிக்கப் பழகுமுன்னே தண்ணீர் இல்லாமல் சும்மா நின்றுவிட்டுப் போகிறார். அடுத்த வாரம் அவர் வருவதில்லை. நாற்றை மறுபடி வளர்த்துக்கொள்ளலாம், மனம் விட்டுப்போனவரை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? மரம் நடும் விழாவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறீர்கள். அன்று நட்ட கன்றுகளில் சிலவற்றின் வேரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைக்கூட யாரும் கிழிக்கவில்லை. அதன் பிறகு அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியதும் நாங்கள்தான். எங்கள் உழைப்பு வேண்டும், எங்கள் கையில் ஒரு சாவி இருக்கக்கூடாதா?

பிரிட்டனில் 1908ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டம் போட நிலம் கேட்பவர்களுக்கு அதை ஏற்படுத்தித் தரும் பொறுப்பை உள்ளாட்சிகளிடமே ஒப்படைத்தது. நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் அவர் தோழர்களும் குப்பை நிறைந்த காலிமனையொன்றைத் தோட்டமாக்கினார்கள். மறு ஆண்டே நகர நிர்வாகம் அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களுக்கே விட்டது. நாங்கள் நிலமோ பணமோ கேட்கவில்லை.

கோபத்தில் சற்று நீட்டி எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: குழாய்ச் சாவி ஒன்றைத் தன்னார்வலர்களிடம் கொடுங்கள். விதி இடம் தராது என்றால், காலை ஆறு முதல் எட்டுவரை யாராவது வந்து திறந்துவிட ஏற்பாடு செய்யுங்கள். யார் திறந்தார், யார் மூடினார் என்று பதிவேட்டில் கையெழுத்திடுகிறோம். மீட்டர் வைத்தால் அளவையும் தினமும் எழுதி வைக்கிறோம். வாஷரை நாங்களே வாங்கி மாற்றிக்கொள்ளவும் தயார், அதற்கு முதலில் பூட்டைத் திறக்க வேண்டும்.

இந்த வார இறுதியில் மீதி நாற்றுகளை நட வேண்டும். அதற்குள் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தோட்டத் தன்னார்வலர்கள் சார்பில் ஒருவர்