சேப்பாக்கத்தின் தமிழ்க் குரல்கள் எங்கே?

சென்னை வானொலி நிலையப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். 1980களில் சேப்பாக்கம் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நீங்கள் ஒலிபரப்பிய தமிழ் நேர்முக வர்ணனைகளில் எவை இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கின்றன? அந்தப் பட்டியலை வெளியிடுவீர்களா?

அப்படியொரு பத்தாண்டு சேப்பாக்கத்துக்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை என்பது என் கட்சி. (1999 பாகிஸ்தான் ஆட்டத்தைச் சொல்லிச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.) 1980 பொங்கலுக்குக் கபில்தேவ் பாகிஸ்தானின் 11 விக்கெட்டுகளை எடுத்ததோடு மட்டையிலும் 84 அடித்தார். 1982 பொங்கலுக்கு இங்கிலாந்துக்கு எதிராக விஸ்வநாத் 222. 1988 பொங்கலுக்குக் கண்ணாடி போட்ட ஹிர்வானி, தன் முதல் டெஸ்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளின் 16 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அதே ஆண்டு வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு, 33 வருடம் கழித்து ரஞ்சிக் கோப்பையை இதே மைதானத்தில் தூக்கியது.

இவற்றுக்கு நடுவில் 1986 செப்டம்பர் 22. ஆஸ்திரேலியாவோடு நடந்த அந்த டெஸ்டில் அவர்களின் டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டவர். கடைசி நாள் இந்தியாவுக்கு இலக்கு 348. கிரெக் மாத்யூஸின் கடைசி ஓவர் தொடங்கும்போது நான்கு ஓட்டம் பாக்கி, கையில் ஒரே விக்கெட். சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று எடுத்துச் சமன் செய்துவிட்டு எதிர்முனைக்குப் போனார். மட்டை மனீந்தர் சிங்கிடம். ஐந்தாவது பந்து காலில் பட, நடுவர் விக்ரம்ராஜு அவுட் என்று விரலை உயர்த்தினார். டெஸ்ட் வரலாற்றில் இரு அணியின் ஓட்டமும் சமமாகி ‘டை’யில் முடிந்த இரண்டே ஆட்டங்களில் ஒன்று. ஆங்கிலத்தில் இதைப் பற்றி எவ்வளவோ கிடைக்கிறது. அந்த ஐந்து பந்துகளைத் தமிழில் சொன்ன குரல் உங்களிடம் இருந்தால், அதைவிடப் பெரிய சொத்து வேறென்ன?

கூத்தபிரான், இராமமூர்த்தி, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் என்று வர்ணனையாளர்களின் பெயர் சொன்னாலே பழைய நேயர்களுக்குக் குரல் கேட்கும். நாடகத்தில் ஊறியவர்கள் இருந்ததால் எங்கே நிறுத்துவது, எங்கே வேகம் பிடிப்பது என்று தெரியும். வாலாஜா சாலை முனையிலிருந்து பந்து வீசுபவர் ஓடி வரத் தொடங்கியதும் நாவிதர் கடையில் கத்தரிக்கோல் நின்றுவிடும். மைதானத்தையே பார்த்திராத ஊர்க்காரனுக்கும் யார் எங்கே நிற்கிறார் என்று மனக்கணக்கு இருந்தது. அப்துல் ஜப்பார் 2020இல் மறைந்தார். அவர் குரலில் ஒரு முழு நாள் ஆட்டத்தைக் கேட்கவேண்டும் என்றால் இன்று நான் எங்கே போவது?

1983 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மார்கழி விடியலில் உங்களிடமிருந்து திருப்பாவை. பகலில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் மார்ஷல் ஓட்டக்கணக்கு தொடங்கும் முன்பே இரண்டு விக்கெட்டை வீழ்த்த, நான்காவதாக இறங்கிய கவாஸ்கர் ஆட்டமிழக்காமல் 236 எடுத்து பிராட்மனின் டெஸ்ட் சதக் கணக்கைத் தாண்டினார். இரவில் கச்சேரி. அந்தக் கச்சேரிகளைப் பாதுகாத்து ஒலித்தட்டாக விற்றிருக்கிறீர்கள், நல்ல காரியம். பகல் நேரத்துக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை? பாட்டு கலை, வர்ணனை வெறும் செய்தி என்ற நினைப்பா? எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஒலிநாடா விலை கூடிய காலம், அழித்துவிட்டு மேலேயே பதிவு செய்வார்கள் என்பது புரிகிறது. அழிந்திருந்தால் அழிந்தது என்றே சொல்லிவிடுங்கள், கோபிக்க மாட்டோம். ஆனால் ஒன்று: 80களின் நடுப்பகுதி வரை நாங்கள் வானொலிப் பெட்டிக்குத் தபால் அலுவலகத்தில் உரிமக் கட்டணம் கட்டியிருக்கிறோம். அதனால் கேட்பதற்கு உரிமையும் உண்டு.

உங்களிடம் இல்லாதது எங்கள் வீடுகளில் இருக்கலாம். டூ-இன்-ஒன் (வானொலியும் கேசட் பதிவும் சேர்ந்த பெட்டி) வைத்திருந்தவர்கள் பலர் பாட்டோடு வர்ணனையையும் கேசட்டில் பிடித்தார்கள். உரிமை உங்களுடையது என்பதால் வெளியே விடத் தயங்குகிறார்கள். ‘கொண்டு வாருங்கள், வழக்குப் போட மாட்டோம்’ என்று ஒரு வரி அறிவிப்பு போதும். நாடாவில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது, தாமதம் வேண்டாம்.

முதலில் பட்டியல். கேசட்டுகளை எந்த நாளில், யாரிடம் தர வேண்டும் என்பதையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நேயர்களில் ஒருவன்