டியூப்பைத் திருப்பிப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உன்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக "என்னடி கன்னத்துல இவ்வளவு கருப்பு?" என்று கேட்டுத் தொலைத்தேன். எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தூக்கமில்லாத கண்ணோடு உட்கார்ந்திருந்த உன்னிடம் கேட்கிற கேள்வியா அது? அப்பா அன்றைக்கே திட்டினார். அதுகூடப் பரவாயில்லை. நேற்று நீ "மெடிக்கல் ஷாப்ல ஒரு க்ரீம் குடுத்தாங்கம்மா, ஒன்பது நாள்ல நல்லா மாறிருச்சு" என்று சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு மனசு சரியில்லை. போனில் பேசினால் நீ "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். குழந்தை தூங்கும்போது படி.

உனக்கு வந்திருப்பது மங்கு. இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, மேல் உதட்டின் மேலே மீசை மாதிரி, நெற்றியில் வரைபடம் மாதிரி வரும் அந்தப் பழுப்பு. எனக்கும் வந்தது, தம்பி பிறந்தபோது, 1998-ல். ஆச்சி அதைப் பார்த்துவிட்டு "மங்கு சனி நடக்கு, அதான் முகத்துல எழுதிருக்கு" என்றாள். சனிக்கும் இதற்கும் ஒன்றும் இல்லை. கர்ப்பத்தில் ஏறும் ஹார்மோன், அதோடு வெயில், அதோடு நம் குடும்ப வாகு, மூன்றும் சேர்ந்தால் வரும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். பிள்ளை பெற்ற பிறகு பலருக்குச் சில மாதத்தில் தானாகவே மங்கிவிடும். என் முகத்தில் மங்கவில்லை, தங்கிவிட்டது.

ஆச்சி சும்மா இருப்பாளா? ஜாதிக்காயைப் பால் விட்டுக் கல்லில் உரசி, தினமும் பூசிவிட்டாள். பூசிக்கொண்டு இருக்கும்வரை குளிர்ச்சியாக இருக்கும், காய்ந்ததும் தேய்த்துக் கழுவுவேன், அந்தத் தேய்ப்பிலேயே இன்னும் கொஞ்சம் கருத்தது. நம் தோலுக்கு எரிச்சல், உரசல், சூடு எது பட்டாலும் பதிலுக்குக் கருப்பை விட்டுவிட்டுப் போகும். பருவும் கொசுக்கடியும் ஆறிய இடத்தில் மாசக்கணக்கில் தழும்பு கருப்பாக நிற்பது அதனால்தான். சம்பந்தியம்மா எலுமிச்சையும் சர்க்கரையும் வைத்துத் தேய்க்கச் சொன்னார்கள் என்று முன்பு சொன்னாய். அவர்கள் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார்கள், கோபப்படாதே, ஆனால் தேய்க்காதே. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் சிலருக்குத் தீக்காயம் மாதிரியே கொப்புளித்துவிடும். ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டுப் போ.

இப்போது அந்த டியூப்புக்கு வருகிறேன். 2009-ல், பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு முன்னால், நானும் இதே மாதிரி ஒரு மருந்துக்கடையில் போய் "முகத்துல கருப்பு போக ஏதாவது குடுங்க" என்று கேட்டேன். டாக்டர் சீட்டு ஒன்றும் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தார்கள். பத்தே நாள். முகம் வெளுத்து, வழவழவென்று, பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சரும் "என்ன போடுறீங்க?" என்று கேட்டார்கள், நானும் பெருமையாகப் பெயர் சொன்னேன், இரண்டு பேர் வாங்கியும் விட்டார்கள் (அந்தப் பாவம் இன்னும் என் தலையில் இருக்கிறது). கல்யாணம் முடிந்த பிறகும் விடவில்லை. விட்டால் இரண்டே நாளில் எரியும், சிவக்கும், மறுபடி பூசினால் அடங்கும். அப்படியே ஒன்றரை வருஷம். கடைசியில் கன்னத்தில் சிவப்பாக நூல் மாதிரி ரத்தக்குழாய் தெரிந்தது, தாடையில் முடி முளைத்தது, அடுப்படியில் நின்றால் முகம் தீயாக எரிந்தது. நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், "அம்மா ஏன் எப்பவும் கோபமா சிவந்திருக்காங்க" என்று தம்பியிடம் கேட்டாயாம்.

திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனபோது அவர்கள் டியூப்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். உள்ளே இருந்தது மூன்று மருந்து: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், அதோடு மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு. இந்த மூன்று சேர்ந்த வித்தையைத் தொடங்கிவைத்தது அமெரிக்கத் தோல் மருத்துவர் க்ளிக்மன், 1975-ல். அவர் கலவையில் வேறு ஸ்டீராய்டு, ஆனால் கணக்கு ஒன்றுதான். ஹைட்ரோகுவினோன் கருப்பு உண்டாவதைத் தடுக்கும், ட்ரெட்டினாயின் பழைய தோலைச் சீக்கிரம் உதிர்க்கும், அந்த எரிச்சலை ஸ்டீராய்டு அடக்கும். மருந்து கெட்டதில்லை, பாப்பா. டாக்டர் பார்த்து, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் போட்டால் மங்குக்கு இதைவிடச் சீக்கிரம் கேட்கிறது அதிகமில்லை. 2002-ல் அமெரிக்காவில் இதே வகைக் கலவை ஒன்றுக்கு அனுமதி கொடுத்தபோதும் எட்டு வாரம் வரை என்றுதான் கொடுத்தார்கள். நான் போட்டது ஒன்றரை வருஷம்! நம் ஊரில் இதை ஃபேர்னஸ் க்ரீம் மாதிரி விற்று விற்று, கெட்டுப்போன முகங்கள் அவ்வளவு வந்ததால் தோல் மருத்துவர்கள் அதற்கென்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சேர்த்தும், ஒன்பது நாளைக்கு முன்னால் உனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் முதல் வேலை, டியூப்பைத் திருப்பிப் பார். பொடி எழுத்தில் இருக்கும், மாப்பிள்ளையை போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கச் சொல். மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், ஃப்ளூசினோலோன், இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. போட்டோவை எனக்கும் அனுப்பு. ஒன்பது நாள்தான் ஆகிறது என்பதால் எனக்கு வந்த அளவுக்கு வராது, ஆனாலும் இந்த வாரமே தோல் டாக்டரைப் பார்த்து எப்படி நிறுத்துவது என்று கேட்டுவிடு. இன்னொன்று, நீ பால் கொடுக்கிறவள். குழந்தை உன் கன்னத்தில் வாயை வைத்து எச்சில் பண்ணுவதை வீடியோவில் பார்த்துச் சிரித்தேனே, அந்தக் கன்னத்தில்தான் இது பூசியிருக்கிறது. பின்பக்கத்தில் தயாரிப்பாளர் பெயர், உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் எதுவுமே இல்லாத டப்பாவாக இருந்தால் யோசிக்கவே யோசிக்காதே, அந்த மாதிரி க்ரீம்களில் பாதரசம் கலந்திருப்பது உண்டு, அது சிறுநீரகத்தைப் பிடிக்கும். கேரளாவில் மலப்புரம் பக்கம் அப்படி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பேப்பரில் படித்தோமே.

சரி, பிறகு என்னதான் செய்வது என்று கேட்பாய். எனக்குக் கடைசியில் வேலை செய்தது சன்ஸ்கிரீன். நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. "பெங்களூர்ல என்னம்மா வெயில்?" என்பாய். கோவில்பட்டி வெயில் சுடும், அதனால் ஒதுங்கி நிற்போம். உன் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் அடிப்பதே உறைக்காது, ஆனால் தோலைக் கருக்கும் கதிர் உயரத்தில் இன்னும் கொஞ்சம் கூடத்தான். மேகம் இருந்தாலும் வரும், கார் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் ஒரு பங்கு வரும். கருப்பு என்பது தோல் தனக்குத்தானே பிடித்துக்கொள்கிற குடை. தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் செல்லுக்குள் உட்கருவின் தலைக்கு மேலே போய்த் தொப்பி மாதிரி உட்காரும், உட்கருவில் வெயில் படக் கூடாது என்று. வெயில் விழுந்துகொண்டே இருக்கும்வரை குடையை மடக்கு என்றால் எப்படி மடக்கும்? பத்தாம் வகுப்புக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், ஆனால் பிரேயரில் அரை மணி நேரம் வெறும் முகத்தோடு கிழக்கே பார்த்து நின்றதும் நான்தான்.

போடுகிற அளவில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். கடலை அளவு எடுத்துத் தடவினால் அட்டையில் போட்டிருக்கிற எஸ்பிஎஃப் 50 உன் முகத்தில் பாதிகூட இருக்காது. காலையில் ஒரு தடவை, வெளியே போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. 50 கிராம் டியூப் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கினால் நீ குறைவாகப் போடுகிறாய் என்று அர்த்தம். இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. மங்குக்குச் சாதாரண சன்ஸ்கிரீன் போதாது. நம் மாதிரி மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கருப்பைக் கிளப்பும், அதைத் தடுக்க அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கிற டின்டட் சன்ஸ்கிரீன் வேண்டும். பவுடர் போட்ட மாதிரியும் இருக்கும், எனக்கு அந்த ஆசையும் தீர்ந்தது.

ராத்திரிக்கு அஸிலாயிக் ஆசிட் க்ரீம் கேட்டுப்பார், கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் டாக்டர்கள் எழுதுகிற மருந்து அது. முதல் இரண்டு வாரம் அரிக்கும், பயப்படாதே. நயாசினமைடு, வைட்டமின் சி சீரம் எல்லாம் துணைக்கு நிற்கிறவை, பணம் இருந்தால் வாங்கு, இல்லையென்றால் அந்தக் காசையும் சன்ஸ்கிரீனில் போடு. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை எழுதினால், மாதவிடாய் அதிகமாகப் போனபோது எனக்குக் கொடுத்தார்களே அதேதான், "எங்க பெரியம்மாவுக்குக் காலில் ரத்தக்கட்டு வந்தது, நான் பிள்ளை பெற்று எட்டு மாசம்தான் ஆகுது" என்று வாயைத் திறந்து டாக்டரிடம் சொல். ரத்தம் உறைவதை அது கூட்டும். லேசர் இப்போது வேண்டாம். நம் நிறத்துக்கு மங்கில் லேசர் அடித்து, போனதைவிட அதிகமாகத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் எட்டு, பன்னிரண்டு வாரம் ஆகாமல் கண்ணாடியில் வித்தியாசம் தேடாதே. பத்து நாளில் வெளுத்தால் அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

சாப்பாட்டைப் பற்றி நீ கேட்டிருந்தாய், எந்த ஜூஸ் குடித்தால் போகும் என்று. எந்த ஜூஸ் குடித்தாலும் மங்கு போகாது. பீட்ரூட், கேரட், கற்றாழை எல்லாம் குடித்துப் பார்த்தவள் சொல்கிறேன். ஆனால் சாப்பாட்டுக்கும் கருப்புக்கும் சம்பந்தமே இல்லை என்றும் நினைத்துவிடாதே. குழந்தையைத் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ அனுப்பினாயே, அதில் நான் முகத்தைப் பார்க்கவில்லை, உன் விரலைப் பார்த்தேன். விரல் முட்டிகள் எல்லாம் கருத்திருக்கின்றன. உனக்கு முன்பு அப்படி இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் முட்டை, மீன் எல்லாம் விட்டுவிட்டாய், அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் வைட்டமின் பி12 குறைந்தால் முட்டி இப்படிக் கருக்கும். பி12 கீரையில் கிடையாது, பருப்பில் கிடையாது. சைவத்தில் பாலும் தயிரும்தான், நீ பால் வாசனையே ஆகாது என்கிறவள். ரத்தத்தில் பார்த்து, குறைவாக இருந்தால் மாத்திரையோ ஊசியோ போட்டால் அந்தக் கருப்பு சில மாதத்தில் தானே போய்விடும். முகத்துக்காக இல்லாவிட்டாலும் இதைக் கட்டாயம் பார். உனக்குக் குறைந்தால் பாலிலும் குறையும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும். அதே ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல். கழுத்தைச் சுற்றிக் கருத்து, வெல்வெட் மாதிரி தடித்தால் அது அழுக்கு இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடம்பு சொல்வது. அப்பா கழுத்தை நான் பல வருஷம் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன், அப்புறம்தான் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது.

மற்றபடி முருங்கைக்கீரை, கூடவே ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ. எலுமிச்சையில் 100 கிராமுக்கு 50 மில்லிகிராம் போல வைட்டமின் சி இருந்தால் கொய்யாவில் 200-க்கு மேலே இருக்கும். கீரையில் இருக்கிற இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவும் அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, ஒரு மணி நேரம் போகட்டும்.

என் முகத்தில் இன்னும் இடது கன்னத்தில் கொஞ்சம் இருக்கிறது. சித்திரையில் கூடும், மார்கழியில் குறையும். உனக்கும் அப்படி ஏறி இறங்கித்தான் இருக்கும். அடுத்த தடவை வீடியோவில் உன்னைப் பார்க்கும்போது நான் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன், அப்பா சாட்சி.

வெள்ளிக்கிழமை பார்சலில் நெல்லிக்காயும் கடலைமிட்டாயும் வரும். ஆச்சி ஜாதிக்காய் இரண்டு வைத்துக் கட்டியிருந்தாள், அதை நான் எடுத்துவிட்டேன், அவளிடம் சொல்லாதே. டியூப் போட்டோ இன்று ராத்திரிக்குள் வர வேண்டும்.

அன்புடன்,
அம்மா