செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், தோணி உரிமையாளர்கள், தோணியை நடத்தும் தண்டல்கள், எஞ்சின் டிரைவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 9 முறை கூடியது. சந்தா பாக்கி வழக்கம்போல இருக்கிறது. யார் யார் என்பதைப் பொருளாளர் வாசிப்பார், அந்தப் பகை எனக்கு வேண்டாம். அலுவலகக் கூரை ஒழுக்கு சரிசெய்யப்பட்டது. ஒன்பதில் நான்கு கூட்டங்களை ஒரே ஒரு எஞ்சின் தின்றுவிட்டது. எல்லாருக்கும் ஒருநாள் வரப்போகும் விஷயம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் உறுப்பினர் ஒருவரின் தோணி ஜனவரியில் காய்கறியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவின் மாலேவுக்குப் புறப்பட்டது. சுமார் 400 கடல் மைல், மூன்று நாள் வழி. குமரிமுனை தாண்டியதும் எஞ்சின் கரும்புகை கக்கி, வேகம் மணிக்கு ஆறு கடல் மைலிலிருந்து நாலாக இறங்கியது. வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளியதால் பாயை விரித்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தது. ஆறு நாள் ஆனது. பாய் இப்போது பேருக்குத்தானே என்று பேசுகிறவர்கள் அந்தத் தண்டலிடம் போய்ப் பேசட்டும்.

ஆறு சிலிண்டர், 19 வருட எஞ்சின். பார்த்த முதல் மெக்கானிக் தூக்கிப் போடச் சொன்னார். முழுக்கக் கழற்றிப் புதுப்பித்தால், அதாவது ஓவர்ஹால் செய்தால் 4.8 லட்சம், புது எஞ்சின் 9 லட்சம் என்று மதிப்பீடு வந்தது. ரிப்பேர் செலவு புதுசு விலையில் பாதியைத் தாண்டினால் புதுசு வாங்கு என்பது துறைமுகத்தில் எல்லாரும் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்குப்படி நானும் புதுசுதான் என்றேன். குறிப்பேட்டில் என் கருத்து அப்படியே பதிவாகியிருக்கிறது, மறைக்கவில்லை.

கணக்கில் ஓட்டை இருப்பதை மூத்த டிரைவர் ஒருவர்தான் காட்டினார். "எதில் பாதி?" என்று கேட்டார். புது எஞ்சினுக்குப் பழைய கியர் பாக்ஸ் பொருந்தாது. கியர் விகிதம் மாறினால் தோணியைத் தள்ளும் புரொப்பல்லர் விசிறியும் மாற வேண்டும். எஞ்சின் உட்காரும் கட்டைகளை வெட்டி மாற்றி, புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டை மறுபடி நேர் பார்க்க வேண்டும். பதிவு ஆவணங்களில் எஞ்சின் விவரத்தை மாற்ற அலைய வேண்டும். எல்லாம் கூட்டினால் 14.5 லட்சம். அதில் பாதி 7.25. ஆக, அதே கணக்குப்படியே ரிப்பேர்தான் சரி!

ஆனால் அதையும் உடனே ஏற்கவில்லை. முதலில் தோணியைக் கரையேற்றினோம். அடியில் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் சிப்பி மாதிரி உயிரி) அடை அடையாக இருந்தது, புரொப்பல்லரிலும்தான். அவ்வளவையும் இழுக்கச் சொன்னால் எந்த எஞ்சினும் கரும்புகைதான் விடும். சுரண்டி இறக்கியதும் புகை பாதி குறைந்தது. பாதிக் குற்றவாளி எஞ்சினே இல்லை.

மீதிக் குற்றம் உள்ளேதான். ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தது, ஆயிலும் குடித்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அழுத்தம் பார்த்ததில் இரண்டு சிலிண்டர் மிகவும் குறைவு. அவற்றில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தபோது அழுத்தம் ஏறியது. அப்படி ஏறினால் பிஸ்டனைச் சுற்றிய ரிங், சிலிண்டரின் உட்குழாயான லைனர் தேய்மானம். ஏறாமலிருந்தால் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை, பயமில்லை.

என் பயம் பிளாக்கை, அதாவது லைனர்கள் உட்காரும் எஞ்சின் உடலைப் பற்றி. இந்த எஞ்சின் முதல் சில வருடங்கள் நேரடியாகக் கடல் தண்ணீரில் குளிர்ந்து ஓடியது. லைனருக்கு அடியில் ரப்பர் ரிங் உட்காரும் இடத்தை உப்பு அரித்திருந்தால், எத்தனை லைனர் மாற்றினாலும் தண்ணீர் ஆயிலில் இறங்கும். ஆயில் பால் போல வெளுத்தபின் செய்த செலவெல்லாம் வீண். அதனால் பிளாக்கை அழுத்தம் கொடுத்துச் சோதிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிப்பதில்லை என்று முடிவெடுத்தோம். ஐந்து இடம் சுத்தம், ஆறாவதில் லேசான அரிப்பு. அதற்குப் புஷ் (உலோக வளையம்) போட முடிந்தது.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்ததால் ஏற்கெனவே இரண்டு முறை கடைந்தது. மூன்றாவதும் கடைந்தாயிற்று, இனி கடைய இடமில்லை. அதாவது இதுதான் அந்த எஞ்சினின் கடைசி ஓவர்ஹால். செலவு 5.3 லட்சத்தில் முடிந்தது. உரிமையாளர் மீதிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, பயணத்துக்கு இவ்வளவு என்று சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். மற்றவர்களும் அப்படிச் செய்ய ஒரு பொது எஞ்சின் நிதி வைக்கலாமா என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வைக்கப்படும்.

தென்மேற்குக் காற்று ஓய்ந்ததும் அந்தத் தோணி மறுபடி மாலே போய் வந்தது. போக மூன்று நாள், திரும்ப மூன்றரை நாள். வழியில் இரண்டு லிட்டர் ஆயில்தான் ஊற்றினார்களாம்.

ஒரு வேண்டுகோள்: கழற்றிய ஆறு பிஸ்டனும் இன்னும் சங்க அலுவலக வாசலில்தான் கிடக்கின்றன. போன வாரம் பொருளாளர் அதில் இடறி விழுந்தார். உரிமையாளர் தயவுசெய்து எடுத்துப் போகவும்.

இவண்,
செயலாளர்