விளக்கின் கீழ் மிளகாய் வளர்க்கப் போகும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. ஜன்னல் இல்லாத அறையில் விளக்கு வைத்து மிளகாய் வளர்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். உன் அப்பா படித்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நானும் அண்மையில்தான் முதன்முறையாக அறைக்குள் மிளகாய் வளர்த்துக் காய் பறித்து முடித்தேன். நீ கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

திறந்த வெளியில் நிற்கும் செடிக்குச் சம்பளம் வாங்காத வேலையாட்கள் நிறைய. வெயில் ஒருவன், காற்று ஒருவன், மழை ஒருவன், தேனீயும் பொறிவண்டும் இன்னும் இருவர். செடியைக் கூரைக்குள் கொண்டுவந்த நொடியில் அத்தனை பேரும் வேலையை விட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் செய்ததை எல்லாம் இனி நீதான் செய்யவேண்டும். இலை வாடினாலும் பூ உதிர்ந்தாலும் உரக்கடைக்கு ஓடாதே. எந்த வேலை செய்யப்படாமல் கிடக்கிறது என்று முதலில் யோசி. பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

வெயிலில் தொடங்குகிறேன். செலவும் ஏமாற்றும் அதிகம் உள்ள இடம் அது.

வெளிச்சத்தை அளக்கும் விஷயத்தில் கண்ணை நம்பாதே. உச்சி வெயிலில் தரையில் 1,00,000 லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் விழுகிறது. பளிச்சென்று இருக்கிறது என்று நாம் சொல்லும் அறையில் 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். கண்மணி விரிந்து சுருங்கி இரண்டையும் நமக்கு ஏறக்குறைய ஒன்றாகக் காட்டிவிடுகிறது. இலைக்கு அந்த வித்தை தெரியாது, விழுந்த ஒளியை வைத்துத்தான் அது உணவு சமைக்க முடியும். அதோடு, லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. செடிக்கு வேறு கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை ஒளித்துகள்கள் விழுகின்றன என்பதை மைக்ரோமோல் என்ற அலகில் சொல்கிறார்கள். நாற்றுக்கு 150, 200 போதும். காய்க்கவேண்டிய செடிக்கு 400க்குக் குறையக்கூடாது. 400 மைக்ரோமோல் வெளிச்சம் நாளுக்கு 14 மணி நேரம் விழுந்தால் மொத்தம் 20 மோல் சேரும் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). மிளகாய் ஒழுங்காகக் காய்க்க ஒரு நாளைக்கு 20 முதல் 30 மோல் வரை வேண்டும்.

விளக்குப் பெட்டியின் மேல் ‘1000 வாட்டுக்கு நிகர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காதே. உள்ளே ஒரு மூலையில் சிறிய எழுத்தில், அந்த விளக்கு உண்மையில் எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது என்று இருக்கும். அந்த எண்ணைப் பார். நல்ல எல்இடி விளக்கு ஒவ்வொரு வாட்டுக்கும் நொடிக்கு 2.5 மைக்ரோமோல் அல்லது அதற்குச் சற்று மேல் தரும். ஆக 100 வாட் இழுக்கும் விளக்கு 250 தரும். அதை அரைச் சதுர மீட்டரில் விழவைத்தால் ஏட்டுக்கணக்கில் 500, ஓரங்களில் சிதறியது போகக் கையில் 400. இரண்டு செடிக்கு அது தாராளம். 14 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 1.4 யூனிட் மின்சாரம் ஆகும். உன் வீட்டு மின்கட்டணத்தை வைத்து மீதியை நீயே போட்டுக்கொள்.

ஊதா நிறத்தில் எரியும் விளக்கை வாங்காதே என்று அடித்துச் சொல்வேன். செடிக்குச் சிவப்பும் நீலமும் மட்டும் போதும், பச்சை வீண் என்று சொல்லி விற்கிறார்கள். பல பயிர்களின் இலைகளை வைத்து எந்த நிற ஒளி எவ்வளவு பயன்படுகிறது என்று கீத் மெக்ரீ என்ற ஆய்வாளர் அளந்து 1972இல் வெளியிட்டுவிட்டார். பச்சை ஒளியிலும் இலை நன்றாகவே உணவு தயாரிக்கிறது. வெள்ளை விளக்கில் இன்னொரு வசதி உண்டு, இலை மஞ்சளானால் உடனே தெரியும். ஊதா வெளிச்சத்தில் எல்லா இலையும் ஒரே கறுப்பு. நோயை மறைக்கும் விளக்குக்கு எதற்குக் காசு?

விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது என்பதைச் செடியே சொல்லும். கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் நீண்ட இடைவெளி விட்டு, தண்டு நெடுநெடுவென்று மெலிந்து போனால் வெளிச்சம் போதவில்லை. இலை ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து நுனி வெளுத்தால் விளக்கு நெருங்கிவிட்டது. பலகை வடிவ விளக்கானால் 45 சென்டிமீட்டரில் தொடங்கி, இலையைப் பார்த்து ஏற்றி இறக்கு.

நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உள்ளறை வளர்ப்புக்கென்று விற்கும் கூடாரம், விளக்கு, உரப்புட்டி ஆகியவற்றில் பெரும்பகுதி கஞ்சா வளர்ப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஆகவே உனக்குக் கிடைக்கும் ஆலோசனையும் பெரும்பாலும் அந்தச் செடிக்கு உரியதாகவே இருக்கும். முதலில் 18 மணி நேரம் வெளிச்சம், பிறகு பூக்க 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் முழு இருட்டு என்பார்கள். கஞ்சா குறும்பகல் செடி, இரவு நீண்டால்தான் பூக்கும். சில செடிகள் பகலின் நீளம் பார்த்துப் பூக்கின்றன என்பதைக் கார்னர், அல்லார்டு என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு புகையிலை ரகத்தை வைத்து 1920இல் எழுதினார்கள். நம் மிளகாய் அந்தக் கூட்டத்தில் இல்லை. பகல் நீண்டாலும் குறுகினாலும் வயது வந்தால் அது பூக்கும். அந்த அட்டவணையைக் கடன் வாங்கி 12 மணி நேரமாகக் குறைத்தால், பாவம், செடிக்கு உணவுதான் குறையும். 14 முதல் 16 மணி நேரம் வைத்துக்கொள். அதற்காக இரவும் பகலும் எரியவிடவும் வேண்டாம், மிளகாயின் உறவான தக்காளி 24 மணி நேர வெளிச்சத்தில் இலை வெளுத்துப் போகிறது. விளக்கை நீ கையால் போட்டு அணைக்காதே. உனக்கு ஞாயிற்றுக்கிழமை எழும் நேரம் வேறு என்று எனக்குத் தெரியும். தானே போட்டு அணைக்கும் நேரக்கருவி (டைமர்) ஒன்றைப் பொருத்திவிடு.

விதை முளைக்க வெளிச்சம் தேவையில்லை, வெப்பம் வேண்டும். 25 முதல் 30 டிகிரி இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தலைகாட்டும். மிகக் காரமான ரகங்கள் இன்னும் சோம்பேறிகள், அவற்றை அதற்குள் தோண்டிப் பார்க்காதே. தலைகாட்டியதும் விளக்கின் கீழ் வைத்துவிடு.

இனித் தண்ணீர். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். மண்ணின் துளைகளில் எப்போதும் நீரே நிறைந்து நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகும், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் நீர் மிகுந்த செடியும் நீரில்லாத செடியும் ஒரே மாதிரி தொங்கிப் போகின்றன. தொங்கும் இலையைப் பார்த்ததும் குவளையை எடுப்பவர்கள்தான் அதிகம். நீ முதலில் தொட்டியைத் தூக்கிப் பார். நனைந்த தொட்டி எவ்வளவு கனம், காய்ந்த தொட்டி எவ்வளவு இலேசு என்பது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். இலேசானால் ஊற்று, அடித்துளை வழியாகச் சிறிது வடியும்வரை ஊற்று. வடிந்ததைத் தட்டில் தேங்கவிடாமல் கொட்டிவிடு. கனமாக இருந்தால் செடி எவ்வளவு பரிதாபமாகப் பார்த்தாலும் ஊற்றாதே. நாள் குறித்து ஊற்றும் வழக்கம் வேண்டவே வேண்டாம். வெளியே மழையும் வெயிலும் மாறி மாறி அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கின்றன, அறைக்குள் உன் கைதான் தராசு.

சின்ன நாற்றைப் பெரிய தொட்டியில் வைக்காதே. வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும். சிறு தொட்டியில் தொடங்கி, வேர் சுற்றியதும் 10 லிட்டர் தொட்டிக்கு மாற்று. மண்ணாக இல்லாமல் தென்னைநார்க் கழிவில் பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைக் குருணையைக் கலந்து வைத்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கும். ஆனால் நார்க்கழிவைக் கழுவி உப்பை எடுத்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்கு. அது சுண்ணாம்புச்சத்தையும் மெக்னீசியத்தையும் தானே பிடித்து வைத்துக்கொள்ளும், அவற்றைச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கவேண்டியிருக்கும்.

உர விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். புட்டியில் எழுதியிருக்கும் அளவில் பாதியில் தொடங்கு. எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் செடி அதை முதிய இலையிலிருந்து எடுத்து இளந்தளிருக்கு அனுப்பும், எனவே அடியிலை முதலில் மஞ்சளாகும். மெக்னீசியமும் அப்படியே, ஆனால் அதில் நரம்பு பச்சையாக இருக்க நடுவில் மட்டும் மஞ்சளிக்கும். இரும்பு இடம் மாறாது, அது குறைந்தால் மேலே உள்ள தளிர் வெளுக்கும். தளிர் வெளுத்தால் இரும்பு வாங்க ஓடுவதற்கு முன்னால் தண்ணீரின் அமிலகார அளவை, அதாவது பி.எச்.ஐச் சோதி. நார்க்கழிவில் பி.எச். 6க்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். சுண்ணாம்பு மிகுந்த கடினநீர் ஊற்றி ஊற்றி அது 7ஐத் தாண்டிவிட்டால், இரும்பு தொட்டியிலேயே இருந்தும் வேருக்கு எட்டாது. இலை நுனி பழுப்பாகக் கருகினால் உரம் கூடிவிட்டது என்று பொருள். வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி வடியவிடு.

காற்றின் வேலைக்கு ஒரு சிறிய மின்விசிறி. இலை மெல்ல அசைய வேண்டும், படபடக்கக் கூடாது. அசைக்கப்படும் தண்டு குட்டையாகத் தடித்து வளரும். மார்க் ஜாஃபி என்ற தாவர ஆய்வாளர் 1973இல் செடிகளைத் தினமும் தடவிக் கொடுத்தே இதை நிறுவினார். ஈரம் தேங்கி நாற்று அடியில் அழுகிச் சாய்வதையும் விசிறி குறைக்கும்.

பூச்சி எப்படி உள்ளே வரும் என்று கேட்டிருந்தாய். வரும். நீ வாங்கும் இன்னொரு செடியில், மண்மூட்டையில், உன் சட்டையில்கூட வரும். உள்ளே வந்துவிட்டால் அதற்குச் சொர்க்கம், பிடித்துத் தின்னப் பொறிவண்டு இல்லை, அடித்துப்போக மழையும் இல்லை. அசுவினி இணையே இல்லாமல் நேராகக் குட்டி போடும், சில நாளில் தளிர் முழுதும் நிரம்பிவிடும். சிலந்திப்பேன் காய்ந்த சூட்டை விரும்பும். இலையின் மேல் ஊசிக்குத்துப் போல வெளிர்ப்புள்ளி தெரிந்தால் அடிப்புறத்தைப் புரட்டிப் பார், மெல்லிய நூலாம்படை இருக்கும். அது பூச்சி இனமே அல்ல, சிலந்தியின் உறவு. பூச்சிமருந்துகள் பலவற்றுக்கு அது அசையாது. தூங்கும் அறையில் மருந்தடிக்க நான் உன்னை விடவும் மாட்டேன். இலையின் அடிப்புறத்தை வாரம் ஒருமுறை கண்ணாடி போட்டுப் பார். கண்டதும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, மென்மையான சோப்புக் கரைசல் தெளி, சில நாள் விட்டு மறுபடியும் செய். மண்மேல் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் அதற்குக் காரணம் நீதான், மேல்மண் காய இடம் கொடுக்காமல் ஊற்றுகிறாய்.

தேனீயின் வேலைதான் மிக எளிது. மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. பகலில் கிளையை விரலால் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து சேரும். பூ காம்போடு உதிர்ந்தால் அறை வெப்பத்தைப் பார். 32 டிகிரியைத் தாண்டினால் மிளகாய் பூவைக் கைவிடும். விளக்கை இரவில் எரியவிட்டுப் பகலில் அணைத்து வைப்பது வெப்பமான அறைக்கு ஒரு வழி. செடிக்கு எது இரவு என்பதை நீதானே தீர்மானிக்கிறாய்.

இதையெல்லாம் படித்து அப்பா, “இத்தனை பாடுபட்டு நாலு மிளகாயா?” என்கிறார். 2021இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீரர்கள் இதே மிளகாயைத்தான் விளக்கின் கீழ் வளர்த்துப் பறித்தார்கள் என்று சொன்னேன். ஜூலையில் முளைக்கவிட்டு அக்டோபர் கடைசியில்தான் முதல் பறிப்பு. அவர்கள் பெட்டியிலும் விளக்கு, விசிறி, தண்ணீர்க் கணக்கு என்று இதே வேலைகள்தான், கருவிகள் மட்டும் உயர்ந்தவை. அப்பா அதற்குப் பதில் சொல்லவில்லை, செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டார்.

விளக்கு வாங்குவதற்கு முன் மூன்று விவரம் எழுது: அறையின் நீள அகலம், நண்பகலில் அங்கே எத்தனை டிகிரி, குழாய்த் தண்ணீரின் பி.எச். எவ்வளவு. அதைப் பார்த்துவிட்டு எத்தனை தொட்டி வைக்கலாம் என்று சொல்கிறேன். இப்போதைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. நீ ஆறு என்று எழுதியிருந்தாய்.

அன்புடன்,
அம்மா