கவுன்டர்டெனர் கச்சேரியும் ராஜபார்ட் பாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மனியின் பைராய்ட் நகரத்துப் பழைய ஓபரா (பாட்டாகவே நடக்கும் நாடகம்) அரங்கில் நடந்த கவுன்டர்டெனர் கச்சேரி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இருநூறு வருஷத்துக்கு மேல் யாரும் பாடாமல் கிடந்த பாட்டுகளை ஒரு ஆண்பிள்ளை பெண்குரல் உயரத்தில் பாடினார் என்ற செய்தி தேவிபட்டினம் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்ததே நல்ல விஷயம்தான். ஆனால் கட்டுரை முழுக்க 'அதிசயம்', 'அமானுஷ்யம்' என்றே போகிறது. ஸ்பெஷல் நாடக மேடையில் தலை நரைக்கும்வரை ஹார்மோனியம் வாசித்தவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கட்டுரையாளர் கவுன்டர்டெனரையும் காஸ்ட்ராட்டோவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். இன்று பாடுகிற கவுன்டர்டெனர்கள் வயதுக்கு வந்து குரல் உடைந்த சாதாரண ஆண்கள். குரல்நாண்களின் விளிம்பு மட்டும் அதிரும்படி பாடிப் பழகியவர்கள். நம் பாட்டு வாத்தியார்கள் அதைக் கள்ளக்குரல் என்று திட்டுவார்கள், தொடையில் கிள்ளுவார்கள். அந்தக் குரலையே வருஷக்கணக்கில் சாதகம் செய்து, கீழே நடுங்காமல் மேலே கிறீச்சிடாமல் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். போன நூற்றாண்டின் நடுவில் அதைக் கச்சேரி மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஆல்ஃப்ரெட் டெல்லர் (1912–1979). இதில் அமானுஷ்யம் எங்கே இருக்கிறது?

காஸ்ட்ராட்டோ கதை வேறு. போப்பாண்டவர் ஆண்ட ரோமாபுரியில் பெண்கள் மேடையேறத் தடை. அந்த வேஷங்களுக்கும், மற்ற ஊர்களில் கதாநாயகன் வேஷத்துக்கும்கூட, குரல் உடையும் முன்பே விதை நீக்கப்பட்ட சிறுவர்களை வளர்த்துப் பாட வைத்தார்கள். இதைக் 'கலைக்காகச் செய்த தியாகம்' என்று உங்கள் கட்டுரை ஒரு வரியில் சொல்லித் தாண்டிப் போகிறது. எட்டு, பத்து வயதுப் பிள்ளை என்ன தியாகம் செய்யும்? பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்களை யாரும் கேட்கவில்லை. நம் பாய்ஸ் கம்பெனிகளிலும் பையன்கள்தான் ஸ்திரீபார்ட் போட்டார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் அப்படிப்பட்டதுதான். குரல் உடைகிற மகரக்கட்டு வந்துவிட்டால் பையனுக்கு ஸ்திரீபார்ட் போச்சு, சில சமயம் பிழைப்பும் போச்சு. அதுவும் கொடுமைதான். ஆனால் இங்கே யாரும் கத்தியை எடுக்கவில்லை. வாடிகன் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பாடிய அலெஸ்ஸான்ட்ரோ மொரெஸ்கி என்ற காஸ்ட்ராட்டோவின் குரலை 1902-இலும் 1904-இலும் இசைத்தட்டில் பிடித்தார்கள். தனிக்குரலாக நமக்குக் கிடைத்திருப்பது அவர் ஒருவருடையதுதான். அவர் காலமான 1922-ஆம் வருஷம்தான் நம் சுவாமிகளும் மறைந்தார்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். மருமகளிடம் சொல்லிப் போனில் தேடிக் கேட்டேன். லியனார்டோ வின்சி என்பவர் (ஓவியர் டாவின்சி அல்ல, அவர் வேறு) 1730-இல் ரோமாபுரிக்கு எழுதிய 'அர்த்தசெர்ஸே' ஓபரா கிடைத்தது. அன்று நடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். 2012-இல் பிரான்ஸின் நான்சி நகரத்தில் ஐந்து கவுன்டர்டெனர்களை வைத்து அதை மறுபடி மேடையேற்றினார்கள். அதில் முதல் அங்கம் முடியும் இடத்தில் அர்பாச்சே என்கிற பாத்திரத்துக்கு ஒரு பாட்டு உண்டு. கொடுங்கடலைக் கிழித்துக்கொண்டு போகிறேன், பாயும் இல்லை, கயிறும் இல்லை என்று பொருள்.

படகு வைத்திருக்கிற பக்கத்து வீட்டுச் சம்மாட்டி திண்ணையில் இருந்தார். அவரிடம் அர்த்தத்தைச் சொன்னேன். "பாயும் போயி கயிறும் போன பெறகு இம்புட்டு நேரம் பாட மூச்சு ஏதுய்யா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பாட்டின் கட்டுமானமே அப்படி. முதல் பகுதி, அப்புறம் வேறு மாதிரி ஒரு சின்னப் பகுதி, பிறகு திரும்பவும் முதல் பகுதி. திரும்பி வரும்போது பாடகர் எழுதியதை எழுதியபடி பாடக் கூடாது, சொந்தச் சங்கதிகளைப் போட வேண்டும். ஆக, புயல் காத்திருந்துதான் ஆக வேண்டும். எனக்கு இது புதிதாகவே இல்லை. நம் ராஜபார்ட் பல்லவிக்குத் திரும்பி வரும்போது ஹார்மோனியப் பெட்டிக்காரனுக்கு வயிற்றைக் கலக்கும். எந்தச் சங்கதியில் இறங்குவார் என்று அவருக்கே தெரியாது. அந்தக் கவுன்டர்டெனர் ஒரு ஸ்வரத்தை மெல்ல எடுத்து, பெருக்கி, மறுபடி மெலிதாக்கி ஒரே மூச்சில் முடித்தபோது, துருத்தியைச் சீராக அமுக்கத் தெரிந்த கைதான் ஞாபகம் வந்தது. அவசரக் கைக்கு அது வராது.

கட்டுரையில் சொல்லாமல் விட்ட ருசியான விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து இத்தாலியப் பாடகர்கள் தங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போனார்கள். எந்த ஓபராவாக இருந்தாலும், கதைக்கு ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், நடுவே அதைச் செருகிவிடுவார்கள். படித்ததும் சிரித்துவிட்டேன். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, பபூன் காரைக்குடியிலிருந்து. ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பதே. அவரவர் பாட்டு அவரவர் பையில். வள்ளி திருமணத்தில் நாரதர் அரிச்சந்திரன் பாட்டைப் பாடிய ராத்திரிக்கு நானே வாசித்திருக்கிறேன். திருப்பாலைக்குடி பக்கம் ஜனம் அதற்கு ஒன்ஸ்மோர் கேட்டது.

இப்படிப் பையில் இருந்த பாட்டு, பைக்காரர் போனதும் போய்விடும். ஒரு தொண்டைக்கென்று அளவெடுத்துச் செய்த பாட்டை அடுத்தவர் பாட முடியாது. ரசனையும் மாறியது, அந்தத் தொண்டைகளும் இல்லாமல் போயின. இருந்தும் ஐரோப்பாவில் அந்தப் பாட்டுகள் மிச்சமிருப்பதற்குக் காரணம், கூலிக்குப் படியெடுத்தவர்கள். அரண்மனைகளும் மடங்களும் அந்தப் படிகளை வாங்கி வைத்தன. அதிலும் அழிவு உண்டு. பைராய்ட் அரங்கை 1748-இல் மகள் கல்யாணத்துக்காகத் திறந்த இளவரசி வில்ஹெல்மினா தானே ஓபரா எழுதியவர். திறப்பு விழாவில் ஒலித்தது ஹாஸே என்பவரின் இசை. 1760-இல் ட்ரெஸ்டன் நகரத்தைக் குண்டு போட்டு எரித்தபோது, அச்சுக்குத் தயாராக இருந்த ஹாஸேயின் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. முற்றுகை போட்டவர் வில்ஹெல்மினாவின் சொந்தத் தம்பி, பிரஷ்ய மன்னர் ஃப்ரெடெரிக். அவரும் ஹாஸேயின் ரசிகர்தான்!

நம் பக்கம் பீரங்கி தேவைப்படவில்லை. பாடகர்-நடிகர் கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் போய்விட்டாலும் இசைத்தட்டு இருக்கிறது. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்டிய குரல், அதுவும் கள்ளக்குரல் அல்ல, முழுத் தொண்டை. ஆனால் தட்டு கொடுக்காத எத்தனையோ ராஜபார்ட்டுகளும் ஸ்திரீபார்ட்டுகளும் தங்கள் மெட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். மேலே ராகம், தாளம், பக்கத்தில் 'இன்ன பாட்டு மெட்டு' என்று ஒரு குறிப்பு. உப்புக்காற்றில் அந்தத் தாள் நிற்காது. மிச்சம் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

பைராய்ட் மாதிரி நம் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்குள்ளும் கச்சேரி வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த மண்டபத்தின் சுவரோவியங்கள் பைராய்ட் அரங்கைவிட மூத்தவை. பூச்சி சீனிவாச ஐயங்கார் சமஸ்தான வித்வானாக இருந்த ஊர் என்ற பெருமையும் உண்டுதான். ஆனாலும் எனக்கு அதில் சம்மதமில்லை. விளக்குச் சூட்டையும் கூட்டத்தின் மூச்சையும் அந்த ஓவியங்கள் தாங்காது. நம் பாட்டு திறந்தவெளிப் பாட்டு, வெளி முற்றத்தில் பந்தல் போட்டால் போதும்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த வீட்டிலாவது நாடகக்காரர்களின் பாட்டு நோட்டு இருந்தால், கடைக்குப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துத் தங்களுக்கு அனுப்பும்படி ஒரு சின்ன அறிவிப்பு போடுங்கள். மெட்டு புரியாத இடங்களைப் படித்துச் சொல்ல நானும், இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிற சில பெட்டிக்காரர்களும் இருக்கிறோம்.

கட்டுரையாளருக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பழைய இசைக்கு இன்றைய சுருதியைவிட அரைக்கட்டை தாழ்த்தி வைப்பது அவர்கள் வழக்கம். அடுத்த முறை எழுதும்போது, பாடகர் எந்தச் சுருதியில் பாடினார், எதுவரை மேலே போனார் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உடை நிறத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார், இதற்கு இடம் இல்லாமலா போகும்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாடக ஹார்மோனியக் கலைஞர்,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.