கவுண்ட்டரில் யாரை நிறுத்துவது

மதுரை,
தெற்குமாசி வீதி

அன்பு நண்பா,

ஆவணியில் உன் மகன் திருமங்கலத்தில் ஜவுளிக்கடை திறக்கவிருக்கும் செய்தியறிந்து மகிழ்ந்தேன். விற்பனைக்கு எடுக்கும் பெண்கள் பார்க்கப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவன் சொல்வதாகவும், பல காலம் கடையில் ஆள் எடுத்த என் கருத்து என்னவென்றும் கேட்டிருந்தாய். இதே விஷயம் சென்ற மாதம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

செக்கானூரணியில் இருக்கும் என் தங்கை மகளை உனக்கு நினைவிருக்கும். பி.காம். முடித்தவள், நாலு பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வாள். மூன்று ஆண்டுகளாக உதட்டோரத்திலும் விரல்களிலும் அவளுக்கு வெண்புள்ளி படர்ந்திருக்கிறது. நகரத்துக் கடை ஒன்றில் சேலைப் பிரிவுக்கு இன்டர்வியூவுக்குப் போனவளிடம் கணக்கும் கேட்கவில்லை, துணியைப் பற்றியும் கேட்கவில்லை; "குடோனில் வேலை இருந்தால் சொல்லி அனுப்புகிறோம்" என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அது ஒட்டிக்கொள்ளும் நோயன்று என்று சொல்வதற்குக்கூட அவளுக்கு இடம் தரவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமிலவீச்சுக்கு ஆளானவர்களையும், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வெண்புள்ளி அதில் இல்லாததால் அந்தச் சட்டத்தின் துணையும் அவளுக்கு இல்லை.

அவள் அழுததைவிட அந்தக் குடோன் என்ற சொல்தான் என்னை உலுக்கியது, ஏனெனில் அதை நானே எத்தனையோ பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். நிறம் குறைந்தவர்களையும் பல் எடுப்பானவர்களையும் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டு, சிவந்தவர்களைப் பட்டுப் பிரிவின் முன்வரிசையில் நிறுத்தினேன். வாங்க வருகிறவர்கள் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று முதலாளியிடமும் சொன்னேன். ஒரு தீபாவளி நெரிசலில் ஆள் போதாமல், பேக்கிங்கிலிருந்த பெண் ஒருத்தியைப் பருத்திச் சேலைப் பக்கம் நிறுத்த வேண்டியதாயிற்று. பொங்கலுக்குத் துணி எடுக்க வந்த உசிலம்பட்டிக் குடும்பம் ஒன்று, "எங்கய்யா அந்தக் கறுத்த புள்ள? அதுதான் சலிக்காம எடுத்துப் போடும்" என்று என்னிடமே கேட்டது. தீபாவளி முடிந்த மறுநாளே நான் அவளைப் பேக்கிங்குக்குத் திருப்பி அனுப்பியிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகும் அவளை நான் மேலே கொண்டுவரவில்லை என்பதை இன்று எழுதும்போது மனம் கூசுகிறது.

பொருளாதாரம் படித்த நீ, ஹேமர்மெஷ், பிடில் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வை அறிந்திருப்பாய். அமெரிக்க, கனடியத் தரவுகளில், தோற்றத்தில் குறைவாக மதிப்பிடப்பட்டவர்கள் சராசரித் தோற்றமுள்ளவர்களைவிட 5 முதல் 10 விழுக்காடு வரை குறைந்த ஊதியம் பெற்றதை அவர்கள் கண்டார்கள். வாடிக்கையாளர் முகம் பார்க்கும் தொழில்களில் மட்டும் அல்லாமல் பெரும்பாலும் எல்லாத் தொழில்களிலும் அந்த வேறுபாடு இருந்ததால், வேலை தருபவரின் பாகுபாடே அதற்குக் காரணமாகலாம் என்றார்கள். என் அனுபவமும் அதுவே. வாங்குபவரின் பெயரைச் சொல்லி, நம் மனத்திலிருந்த அளவுகோலைத்தான் நாம் நீட்டினோம்.

விண்ணப்பத்தில் புகைப்படம் கேட்க வேண்டாம் என்று மகனிடம் சொல். வருகிற ஒவ்வொருவரிடமும் பத்துச் சேலைகளைக் கொடுத்து, உன் மனைவியை வாங்க வந்தவராக உட்காரவைத்து, அவர்கள் விரித்துக் காட்டிப் பேசுவதை அவன் பார்க்கட்டும். என் தங்கை மகளும் அன்று வருவாள். அவள் எனக்கு உறவு என்பதை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்